மீள அழைப்பும் ஓப்பன் பேப்பரும்

ஆங்கிலத்தில் 'ரீகோல்' எனப்படுவதை நமது பத்திரிகைகள் நெடுங்காலமாக 'மீளப்பெறல்' என்றே எழுதி வருகின்றன. இன்ன நிறுவனம் இத்தனை இலட்சம் வாகனங்களை மீளப்பெறுகிறது என்ற தலைப்பைப் படிக்கும் ஒருவர், விற்றதை நிறுவனம் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்றுதான் விளங்கிக்கொள்வார். நடப்பது அதுவன்று. உற்பத்தியில் நேர்ந்த குறைபாட்டை உற்பத்தியாளரே ஏற்றுக்கொண்டு, உரிய பாகத்தைத் தன் செலவில் மாற்றி, வாகனத்தை உடையவரிடமே ஒப்படைப்பதுதான் இதன் பொருள். 'மீள அழைப்பு' என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

சொல்லாராய்ச்சி செய்வதற்காக இதனை எழுதவில்லை. திருகோணமலை மாவட்டத்தில் 'வாகனத்தை எடுக்கிறார்கள்' என்ற பேச்சுக்கு ஒரு பழைய நினைவு உண்டு. யுத்த காலத்தில் தேவைக்கென்று எடுத்துச் செல்லப்பட்டவை எல்லாமே உடையவரிடம் திரும்பி வரவில்லை. ஆகவே, சீனன்குடாவில் வசிக்கும் என் மனைவியின் தம்பியிடம், அவருடைய டபிள் கெப்பை முகவர் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2025இல் நான் சொன்னபோது, அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"கொண்டுபோனா திருப்பித் தருவாங்களோ, அத்தான்?"

அவருடைய வாகனம் 2008இல் தாய்லாந்தில் பொருத்தப்பட்ட டீசல் வாகனம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடல்கோளின் பின்னர் கிழக்கு மாகாணத்தை நிறைத்த அரச சார்பற்ற நிறுவனங்களில் ஒன்று அதனை இறக்குமதி செய்தது. யுத்தம் முடிந்து அந்நிறுவனம் மூட்டை கட்டியபோது கேள்விப்பத்திரம் மூலம் விற்றுவிட்டுப் போனது. பின்னர் மூன்று கைகள் மாறி 2016இல் என் மைத்துனரிடம் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கந்தளாய்ச் சந்தைக்கு ஓடும். திரும்பி வந்து பெட்டிகளை இறக்கிய கையோடு, முன் இருக்கையில் மகளை ஏற்றிக்கொண்டு நகரிலுள்ள பாடசாலைக்கு ஓடும். ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்பது அவருடைய பெருமை.

பிரச்சினை இயந்திரத்தில் இல்லை. பிள்ளை அமர்ந்து செல்லும் அந்த இருக்கைக்கு முன்னால், பலகைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் காற்றுப்பையில் இருந்தது.

தகாத்தா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயரை வெளிநாட்டுச் செய்திகளில் பலரும் கண்டிருப்பீர்கள். 1933இல் நெசவுத் தொழிலில் தொடங்கி, பின்னர் ஆசனப்பட்டி, காற்றுப்பை என்று வளர்ந்து உலகின் பெரிய வாகன நிறுவனங்கள் பலவற்றுக்கும் வழங்கிய நிறுவனம் அது. மோதல் நேர்ந்ததும் காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிய வேண்டும். அதற்கான வாயுவைப் பிறப்பிக்க ஒரு சிறிய உலோகக் குடுவைக்குள் வெடிமருந்து வில்லைகள் இருக்கும். தகாத்தா அதற்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. வயலுக்கு உரமாகவும் கல்லுடைக்க வெடியாகவும் பயன்படும் அதே பொருள்தான். 2020 ஓகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தைச் சிதைத்ததும் அதுவே. விலை மலிவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. ஈரம் புகுந்த வில்லைகள் பகல் வெப்பத்திலும் இரவுக் குளிரிலும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறிக் கிடந்தால் அவற்றின் கட்டமைப்புக் குலைந்துபோகும். அதன்பின் எரிய வேண்டிய வேகத்தை மீறி எரிந்து, குடுவையே வெடித்து, உலோகச் சிதறல்கள் முன்னால் இருப்பவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். உயிர் காக்க வைத்த பொருள் உயிரை வாங்கும்.

அமெரிக்காவில் மட்டும் இவ்வாறு 25 பேருக்கு மேல் இறந்துள்ளனர். அங்கு மீள அழைக்கப்பட்ட குடுவைகளின் தொகை ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம். 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மெதுவான வேகத்தில் நேர்ந்த ஒரு மோதலில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதலாவது மரணம் அது. பரிசோதனைத் தரவுகளைத் திரித்து வாகன நிறுவனங்களை ஏமாற்றியதாக 2017 ஜனவரியில் தகாத்தா அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நூறு கோடி டொலர் செலுத்தவும் இணங்கியது. அதே ஆண்டு ஜூனில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது.

நமது நாட்டுக்கு முக்கியமான செய்தி இதற்குள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க அதிகாரிகள் மாநிலங்களை ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் வைத்து மூன்று வலயங்களாக வகுத்தார்கள். புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற வெப்பமும் கடற்காற்றும் மிகுந்த இடங்கள் முதல் வலயம். மாற்றுப் பாகங்களுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், அங்குள்ள வாகனங்களுக்கே முன்னுரிமை. அதே அளவுகோலை இலங்கை வரைபடத்தின் மீது வைத்துப் பாருங்கள். உட்துறைமுகத்தின் நீர் மூன்று பக்கமும் சூழ, ஆண்டு முழுவதும் வியர்க்கும் சீனன்குடா எந்த வலயத்தில் விழும்? இங்கே காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பிரித்தானியர் காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளில் கைவிடப்பட்டவற்றைப் பார்த்தாலே போதும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சாதாரண வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து ஆண்டுகள் புதியது வராததால் பழையவற்றின் ஆயுளை நீட்டித்தோம். பதினைந்து, இருபது வயதான வாகனங்கள் பொன்விலைக்குப் போயின. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி இளமையாக்கலாம். பலகைக்குள் இருக்கும் வில்லைக்கு அந்த வித்தை பலிக்காது.

அவுஸ்திரேலியாவில் 2018 பெப்ரவரியில் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்ட மீள அழைப்பில் ஏறத்தாழ 30 இலட்சம் வாகனங்கள் அடங்கின. ஃபோர்ட் ரேஞ்சர், மஸ்டா பீ.ரீ. 50, மிட்சுபிஷி ட்ரைட்டன் முதலிய டீசல் பிக்கப் வாகனங்களும் அவற்றில் இருந்தன. மெல்பேணில் வசிக்கும் எங்கள் உறவினர் ஒருவர் தன் வாகனத்துக்கு இதனைச் செய்துகொண்டவர். தொலைபேசியில் ஊர்ப்புதினம் பேசிக்கொண்டிருந்தவர், "தம்பியின்ரை வாகனமும் அந்தக் காலத்தது அல்லவோ, செசி நம்பரைக் குடுத்துக் கேளுங்கோ" என்றார். கொழும்பிலுள்ள முகவர் நிலையத்துக்கு அழைத்துப் பதினேழு எழுத்தெண்களையும் வாசித்தேன். இடப்பக்க முன்காற்றுப்பை மாற்றப்பட வேண்டியது, இதுவரை மாற்றப்படவில்லை என்று பதில் வந்தது.

அப்படியானால் கடிதம் ஏன் வரவில்லை? பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கே கடிதம் போகும். பதிவேட்டில் இருப்பதோ, நாட்டைவிட்டுப் போய்விட்ட அந்த நிறுவனத்தின் பெயர். நடுவில் வந்த மூவரும் என் மைத்துனரும் வாகனத்தை 'ஓப்பன் பேப்பரில்' வாங்கியவர்கள். விற்றவரின் கையொப்பம் இட்ட மாற்றுப் படிவத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொள்வதோடு நம்மவர்களுக்கு வாங்கல் விற்றல் முடிந்துவிடுகிறது. பெயர் மாற்றச் செலவு, அலைச்சல் என்று காரணம் சொல்வார்கள். பொலிஸ் தண்டப் பத்திரமோ விபத்து வழக்கோ வரும்போதுதான் அதன் ஆபத்து தெரியும் என்று இதுவரை எழுதியிருக்கிறோம். உயிர் காக்கும் கடிதம் ஒன்றும் அதனால் தவறிப்போகும் என்று எவரும் எழுதியதாக நினைவில்லை.

முகவர் நிலையத்தின் முன்மேசையிலும் அதே முட்டுக்கட்டை. பதிவு செய்த உரிமையாளரின் கடிதம் வேண்டும் என்றார்கள். மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். "இதுக்குத்தான் நான் வரமாட்டன் எண்டனான்" என்பது அந்தப் பார்வையின் பொருள். நான் மேற்பார்வையாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டேன். நரைத்த தலையுடன் வந்த அவர் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது: "மீள அழைப்பு ஆளுக்கு உரியதல்ல, அடிச்சட்டத்துக்கு உரியது. வாகனம் யாருடையது என்று தீர்மானிப்பது என் வேலையல்ல. குண்டை எடுத்துவிடுவதுதான் என் வேலை." வாகனத்தைக் கொண்டுவந்தவரின் அடையாள அட்டைப் பிரதியைப் பெற்றுக்கொண்டு பாகத்துக்குக் கட்டளையிட்டார். வந்து சேர ஏழு வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை இடப்பக்க முன் இருக்கையில் எவரையும் அமர்த்தக் கூடாது என்றும் எழுதியே கொடுத்தார்.

அந்த ஏழு வாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் பின்னிருக்கைக்குப் போனாள். தாயும் பின்னிருக்கைக்குப் போனாள். முன்னால் மைத்துனர் தனியே. வாடகைக்கு ஓடத் தொடங்கிவிட்டீரோ என்று அயலவர்கள் பகிடி பண்ணினார்கள். அவர் சிரித்து மழுப்பினார். ஆனால் ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் அந்த இருக்கையில் யாரை அமர்த்திக்கொண்டு குடாவின் வளைவுகளைச் சுற்றினோம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஓரிரவு என்னை அழைத்து, வேறொன்றும் சொல்லாமல், "நேற்றுப் பள்ளத்திலை விழுந்து நல்லாக் குலுங்கினது, அத்தான்" என்றார். குலுக்கலுக்கு அது வெடிக்காது, முன்பக்க மோதல் வேண்டும் என்று விளக்கினேன். விளங்கிக்கொண்டார். நித்திரை வந்திருக்காது.

இதற்கிடையில் உள்ளூர்க் கராஜ்காரர் ஒருவர் மலிவான வழி சொன்னார். காற்றுப்பையைக் கழற்றி எறிந்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஒரு தடையைப் பொருத்திவிடலாமாம். அல்லது பஞ்சிகாவத்தையில் பழைய காற்றுப்பை ஒன்று வாங்கிப் பூட்டலாமாம். இரண்டும் கூடாது. முதலாவது, மோதலின்போது பாதுகாப்பே இல்லாமற் செய்வது. கழற்றும் கையிலேயே அது வெடிக்கவும் கூடும். இரண்டாவது, உடைத்து விற்கப்படும் அதே காலத்து வாகனமொன்றின் அதே குடுவையைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதாக முடியலாம்.

பாகம் வந்தது என்ற செய்தி கிடைத்ததும் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டோம். ஹபரணைக் காட்டில் யானைக்காக ஒருமுறை விளக்கை அணைத்து நின்றதைத் தவிரத் தடங்கலின்றி 260 கிலோமீற்றரையும் கடந்து காலையிலேயே சேர்ந்தோம். வேலை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, மிச்ச மின்சாரம் வடியும்வரை சிறிது நேரம் காத்திருந்தார்கள். கையுறைப் பெட்டியை அகற்றி, உள்ளிருந்த பகுதியை வெளியே எடுத்தார்கள். பழைய குடுவையைத் தனிப்பெட்டியில் இட்டு முத்திரை வைத்தார்கள். கைக்குள் அடங்கிவிடும் பொருள். மைத்துனர் அதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும் என்று கேட்டார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பற்றுச்சீட்டில் தொகை பூச்சியம். எனினும் சீனன்குடாக்காரருக்கு அது முற்றிலும் பூச்சியமல்ல. இரண்டு தடவை போய்வந்ததில் நூறு லீற்றர் டீசலும், இரண்டு நாள் உழைப்பும், விற்காத மீனும் போயின. கொழும்பில் இருப்பவருக்கு ஒரு முற்பகல் வேலை, இங்கிருப்பவருக்கு ஒரு பயணம். ஆபத்து அதிகமான இடத்துக்குத்தான் வழி நீளமாகவும் இருக்கிறது.

பரிகாரம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. ஓப்பன் பேப்பர் வாகனமாயினும், அதனை ஓட்டுபவர் ஆண்டுக்கு ஒருமுறை வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தே தீர வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காப்புறுதியையும் காட்டியே எடுக்க வேண்டும். உண்மையில் வாகனத்தை வைத்திருப்பவரும் அரசும் சந்திக்கும் இடம் அது ஒன்றுதான். புகைப் பரிசோதனை நிலையத்தில் அடிச்சட்ட இலக்கத்தை மீள அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, சான்றிதழின் அடியில் ஒரு வரி அச்சிட்டால் போதும். இது புதுமையன்று. நாம் விரும்பி வாங்கும் வாகனங்களின் தாயகமான ஜப்பானில், மாற்றப்படாத ஆபத்தான தகாத்தா காற்றுப்பையுள்ள வாகனங்களுக்கு 2018 மே முதல் தகுதிச் சோதனையில் புதுப்பித்தல் மறுக்கப்படுகிறது. இந்தியாவும் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, மீள அழைக்குமாறு உற்பத்தியாளருக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட இலக்கம் இருக்கிறது. முகவர் நிலையத்தை அழைத்து அதனை வாசித்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். கடந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் கொட்பேயில் மீன் ஏற்ற வந்த நான்கு பேரின் வாகன இலக்கங்களைக் குறித்துவந்து என்னிடம் தந்தார். திங்கட்கிழமை கேட்டுப் பார்த்தேன். ஒன்று பட்டியலில் இருக்கிறது. அதுவும் ஓப்பன் பேப்பர்தான். அந்த மனிதரும் இப்போது கேட்கிறாராம், கொண்டுபோனால் திருப்பித் தருவார்களோ என்று. தருவார்கள் என்று மைத்துனரே அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறார்.