எட்டுப் புள்ளிக்கு என்ன பால்?

1978இல் அடாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கென்று 'ஹோம் ரன்' என்ற பேஸ்பால் வீடியோ கேமை வெளியிட்டது. அது ஓடிய இயந்திரத்தின் நினைவகம் வெறும் 128 பைட். இந்தப் பத்திகூட அதற்குள் அடங்காது. ஆட்டக்காரரின் உருவமும் எட்டுப் புள்ளி அகலம்தான். முகம் இல்லை, கூந்தல் இல்லை, மீசையும் இல்லை. கை கால் இருப்பதாக நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்தின் சிறு துண்டை என் வகுப்பில் திரையிட்டேன். அத்தனை பேரும் மாணவியர். பார்த்ததை ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். 'பந்தை அடித்தான், ஓடினான்' என்றே எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் 'ஓடியது' என்று அஃறிணையாக்கியிருந்தாள். 'ஓடினாள்' எங்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "வெளையாடுறதுன்னா பசங்கதானே மேடம்" என்றார்கள்.

படர்க்கையில் தமிழ் வினைமுற்று பால் காட்டாமல் விடாது. 'ஓடினார்' என்று மரியாதைக்குள் ஒதுங்கலாம். அப்போதும் மனத்தில் ஓடுவது ஆண்தான். ஆங்கிலத்தில் 'பேட்டர்' என்ற சொல்லுக்குப் பால் கிடையாது. ஆனால் 'பேஸ்மேன்' என்ற சொல்லில் ஆண் வந்து நிற்கிறான். ஆட்டத்தை விற்ற அட்டைப்பெட்டியின் ஓவியத்திலும் ஆண்களே. இயந்திரத்துக்குத் தெரியாத பாலை மனிதர்கள்தான் அதன்மேல் எழுதினார்கள்.

பெண்கள் ஆடாததாலா? 1931இல் 17 வயது ஜாக்கி மிட்செல், ஒரு காட்சி ஆட்டத்தில் பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். 1943 முதல் 1954 வரை அமெரிக்காவில் பெண்களுக்கென்றே தொழில்முறை பேஸ்பால் லீக் நடந்தது. அவர்கள் பாவாடை அணிந்துதான் ஆட வேண்டும். நளினமாக நடக்கவும் உட்காரவும் வகுப்பு வேறு. மண்ணில் சறுக்கி விழுந்து தொடை சிராய்த்தாலும் பாவாடை மாறவில்லை. சிறுவர்களின் 'லிட்டில் லீக்' சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டது 1974இல், அதுவும் நியூஜெர்சியில் வழக்காடிய பிறகு. 'ஹோம் ரன்' வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

1989இல் எஸ்.என்.கே. நிறுவனம் நிண்டெண்டோவுக்காக வெளியிட்ட 'பேஸ்பால் ஸ்டார்ஸ்' ஆட்டத்தில் பெண்கள் அணி ஒன்று வந்தது. மகிழலாம். அணியின் பெயர் 'லவ்லி லேடீஸ்'. திரைக்குள் நுழைந்த பிறகும் அழகாக இருக்கும் கடமை தொடர்ந்தது. பாவாடை இம்முறை பெயரில்.

எனக்கு அந்த எட்டுப் புள்ளியே பிடித்திருக்கிறது. அதனிடம் யாரும் நளினம் கேட்க முடியாது. அடிக்கிறது, ஓடுகிறது, புள்ளி சேர்க்கிறது. அதை 'ஓடினாள்' என்று எழுத இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆன் விகுதிக்கு அருகிலேயே ஆள் விகுதியும் இருக்கிறது. வாக்கியம் எழுதும்போது அது நம் பேனாவுக்கு எட்டாத தூரத்தில் போய்விடுவது ஏன் என்பதைத்தான் அந்த வகுப்பில் மீதி நேரம் முழுதும் பேசினோம்.