வேகத்தைத் தின்னும் இறகு

1934-ஆம் ஆண்டிலேயே வில்லால் மான் வேட்டையாடுவதற்கென்று தனிப் பருவம் ஒதுக்கிய மாநிலம், அமெரிக்காவின் விஸ்கான்ஸின். காட்டையும் காட்டுயிர்களையும் பற்றி ஆழமாக எழுதிய ஆல்டோ லியோபோல்ட், தன் கையால் வில்லும் அம்பும் செய்துகொண்டு வேட்டைக்குப் போனவர். அவர் வாழ்ந்த மாநிலமும் அதுதான். அங்கே மர அம்பு செய்யும் ஒரு பட்டறையின் வேலையைப் பார்க்கப் போனபோது நான் மனத்தில் வைத்திருந்த கேள்வி ஒன்றே: வேட்டை அம்புக்கு எந்த இறகை, எந்த அளவில், எப்படி ஒட்ட வேண்டும்? விற்பனைப் பட்டியல்கள் இதை வேகம், நிறம், வடிவம் என்று பிரித்துப் பேசுகின்றன. பட்டறை மேசை வேறொன்றைச் சொல்கிறது. இறகு என்பது அம்பின் பின்புறத்தில் வேண்டுமென்றே பூட்டப்படும் ஒரு தடை. வேட்டை அம்புக்கு அந்தத் தடை கொஞ்சம் தாராளமாகவே இருக்க வேண்டும் என்பதே என் முடிவு.

மேசையில் வான்கோழியின் சிறகிறகுகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒன்று இடச்சிறகு, மற்றது வலச்சிறகு. அமெரிக்காவில் கழுகு, பருந்து முதலிய பறவைகளின் இறகை வைத்திருப்பதையே சட்டம் தடுக்கிறது. 1918-இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் இதில் முக்கியமானது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் வான்கோழிக்கு அந்தத் தடை இல்லை. அதன் இறகும் நீளமானது, விறைப்பானது. இறகைப் பிரித்து வைப்பவரின் கண்தான் இந்தத் தொழிலின் முதல் கருவி. தண்டின் எந்தப் பக்கம் இழை அகலம், வளைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் இடமா வலமா என்று சொல்லிவிட வேண்டும். ஒரே அம்பில் இரண்டும் கலந்தால் ஓர் இறகு ஒரு திசையில் சுழற்ற, இன்னொன்று எதிர்த்திசையில் இழுக்கும். பிறகு தண்டை நீளவாக்கில் பிளந்து, அடிப்பாகம் மெல்லிய பட்டையாகும்வரை அரைக்கிறார்கள். அரைக்கும்போது வெண்தூசி மூக்கைத் துளைக்கும், அதனால் முகமூடி இல்லாமல் யாரும் அந்தப் பக்கம் உட்காருவதில்லை. அரைத்த இறகை லேசாக முறுக்கிய கவ்வியில் பிடித்து, பசை தடவி, அம்புக்கோலின் மேல் அழுத்துகிறார்கள். ஒன்று காய்ந்ததும் கோலை வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு திருப்பி அடுத்தது. கடைசியில் இறகின் முன்முனையில் ஒரு சொட்டுப் பசை, மேலே சில சுற்று நூல். கைமேல் வைத்து எய்பவருக்கு இந்த நூல்கட்டு முக்கியம். அங்கே தண்டுமுனை பெயர்ந்து நின்றால், அம்பு கிளம்பும்போது கையைக் கிழித்துவிடும்.

கவ்வி ஏன் முறுக்கியிருக்கிறது என்று கேட்டால்தான் வேட்டை அம்பின் தேவை புரியும். நாணை விட்டதும் மர அம்பு நேராகப் பாய்வதில்லை. வில்லின் பக்கவாட்டைச் சுற்றி மீன்போல் வளைந்து நெளிந்துதான் போகிறது. அந்த நெளிவை அடக்குவது பின்னால் காற்றைப் பிடிக்கும் இறகு. இலக்குப் பலகைக்கு எய்யும் அம்பின் முனை கூம்பாக இருப்பதால் சின்ன இறகே போதும். வேட்டை அம்பின் முனையோ அகன்ற கத்தி. அது முன்னால் பூட்டிய சிறகைப் போலவே வேலை செய்யும். அம்பு கொஞ்சம் சாய்ந்து கிளம்பினால் அந்தக் கத்தி காற்றைப் பிடித்துச் சாய்வை மேலும் வளர்க்கும். முன்னால் இருக்கும் சிறகை வெல்ல, பின்னால் இருப்பது பெரிதாக இருந்தாக வேண்டும். முறுக்கி ஒட்டினால் அம்பு தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு நிலைப்படும். அதனால்தான் ஐந்தங்குல நீளத்தில், முறுக்கி ஒட்டிய மூன்று இறகு வேட்டைக்காரர்களிடம் நிலைத்துவிட்டது. பின்முனை வட்டமாக வளைந்த வெட்டா, கேடயம்போல் கூர்ந்த வெட்டா என்ற விவாதம் இதற்கு அடுத்துத்தான் வரும். நீளமும் முறுக்கும் சரியாக இருந்தால் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இறகைத் தடையாகவே கருதிச் செய்ததற்கு நல்ல சான்று, பறக்கும் பறவைக்கு எய்யும் ஃப்ளூ-ஃப்ளூ அம்பு. அதன் இறகை உயரம் குறைக்காமல், சிலர் சுருளாகச் சுற்றியும் கட்டுவார்கள். கொஞ்ச தூரம் சரியாகப் போகும் அம்பு, அதன்பின் வேகம் இழந்து பக்கத்திலேயே விழும், தேடி எடுத்துவிடலாம். தூரத்துக்கு ஏற்பத் தடையை அளந்து வைக்கும் அறிவு இது. அம்பில் இறகு கட்டும் அறிவின் வேர் மிகப் பழையது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ‘ஓட்சி’ மனிதரின் அம்பறாத்தூணியில் 14 கோல்கள் இருந்தன. இரண்டு மட்டுமே முடிந்த அம்புகள். அவற்றில் மூன்று மூன்று இறகு, பிர்ச் மரத் தாரால் ஒட்டி, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருக்கிறது. இறகு பெயராமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதை அந்த நூல்சுற்றே காட்டுகிறது.

பெரிய இறகு வேகத்தைக் குறைக்குமே என்பது முதல் மறுப்பு. குறைக்கும்தான். ஆனால் மரவில் வேட்டைக்காரர் பெரும்பாலும் இருபது கெஜத்துக்குள்தான் எய்கிறார். நொடிக்கு நூற்றெழுபது அடி வேகத்தில் போகும் அம்பு அந்தத் தூரத்தை ஏறக்குறைய ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கில் கடந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் இறகு தின்னும் வேகம் சொற்பம். அது தரும் நேர்போக்கோ கத்தி சதைக்குள் நேராக இறங்குமா, சாய்ந்து இறங்கி வலுவிழக்குமா என்பதையே தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக் இறகு மழையில் நனையாது என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை, கப்பி வைத்த வில்லில், அம்பு கிளம்பியதும் விலகிக்கொள்ளும் தாங்கியோடு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மரவில்லில் அம்பு வில்லை உரசிக்கொண்டே போகிறது. உரசும்போது பறவை இறகு மடிந்து வழிவிட்டு மறுபடி விரியும், பிளாஸ்டிக் இறகு உதைத்துவிடும். அதன் எடையும் அதிகம். மழைக்கு நீர்புகாப் பொடி உண்டு, தூணியில் உறை போடலாம். மூன்றாவது மறுப்புதான் கனமானது: பெரிய இறகு மோசமான அம்பின் குறையை மறைத்துவிடும் என்பது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். வில்லின் வலுவுக்குப் பொருந்தாத விறைப்புள்ள கோலை எந்த இறகும் காப்பாற்றாது. அதனால் இறகு இல்லாத வெறுங்கோலை முதலில் எய்து பார்த்து, அது நேராகப் போகும்வரை கோலையும் முனையையும் திருத்திவிட்டுத்தான் இறகு ஒட்ட வேண்டும். கோலைத் திருத்தியபின் ஒட்டும் இறகு குறையை மறைப்பதில்லை. கை நடுங்கிய நொடியிலும் காற்று வீசிய நொடியிலும் கைகொடுக்கிறது.

அந்த நொடி யாருக்காக என்பதையும் சேர்த்துத்தான் இறகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்குப் பலகையில் அம்பு நாலங்குலம் தவறினால் புள்ளி குறையும். மானின் உடலில் நாலங்குலம் தவறினால் அது காயத்தோடு காட்டுக்குள் ஓடி, இராமுழுக்க வதைபட்டுச் சாகும். வேட்டையே கூடாது என்பவர்களோடு இந்த இடத்தில் நான் வாதாடவில்லை. வேட்டைக்கு எய்பவர், விலங்குக்கு ஒரே அடியில் முடிவைத் தரக் கடமைப்பட்டவர் என்பதை மட்டும் சொல்கிறேன். வான்கோழி இறகை இடம் வலம் பார்த்துப் பிரிப்பவரும், தூசியில் உட்கார்ந்து தண்டை அரைப்பவரும், முன்முனையில் கடைசிச் சொட்டுப் பசையை வைப்பவரும் அந்தக் கடமையில் ஒரு பங்கை முன்கூட்டியே செய்துவைக்கிறார்கள். வேகத்துக்காக அவர்களிடம் இறகைக் குறைத்துக் கேட்பவர், அவர்கள் தரும், பிழையைப் பொறுக்கும் தன்மையைத்தான் குறைத்துக்கொள்கிறார்.