கல்லில் எழுதிய குற்றம்

இப்போதெல்லாம் காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. பேத்தி முக்கால் டம்ளர்தான் ஊற்றித் தருகிறாள். அப்போதெல்லாம் விரகாலூர்க்காரர் ஸ்டேன் சுவாமி நினைவுக்கு வருகிறார்.

திருச்சிப் பக்கம் பிறந்து, ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். 2018-ல் முகநூலில் எழுதியதற்காக அவர் மீது தேசத்துரோக வழக்கு. செய்தியைப் படித்துவிட்டு, நெருப்பில்லாமலா புகையும் என்று பக்கத்தைப் புரட்டியவன் நான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வழக்கின் மூலம் ஒரு கல். ஜார்கண்டின் முண்டா ஆதிவாசிகள் செத்தவர்களுக்குக் கல் நடுவார்கள், நம் நடுகல் மாதிரி. பத்தல்கடி என்று பெயர். 2016-ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தைத் திருத்தி, விளைநிலத்தை வேறு வேலைக்குத் திருப்ப மாநில அரசு முனைந்தது. அதற்குப் பின் குந்தி மாவட்டத்தில் ஊர் ஊராகக் கல் எழுந்தது. ஆளைவிட உயரம், பச்சை வர்ணம், வெள்ளை எழுத்து. எழுதியிருந்தது ஆதிவாசிப் பகுதிகளுக்கென்று அரசியலமைப்பில் உள்ள ஐந்தாம் அட்டவணையும், கிராமசபைக்கு அதிகாரம் தந்த 1996-ஆம் வருஷத்து பெசா சட்டமும்!

சட்டத்தைத் தப்பாக அர்த்தம் செய்துகொண்ட கற்களும் உண்டு. வெளியாள் வரக்கூடாது என்றும் எழுதினார்கள். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தேன். பாடத்தைத் தப்பாகப் படித்த பையனுக்காகப் போலீஸைக் கூப்பிட்டதில்லை. குந்தியில் பாதுகாப்புக் காவலர்களைப் பிடித்துப்போன சம்பவமும் நடந்தது. அதைச் செய்தவர்கள் மேல் வழக்குப் போட வேறு பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் தேசத்துரோகப் பிரிவு 10,000 பேருக்கு மேல் பாய்ந்ததாகச் செய்தி வந்தது. பெரும்பாலும் 'அடையாளம் தெரியாத நபர்கள்'. 2011 கணக்குப்படி அந்த மாவட்டத்தின் மொத்த ஜனமே ஐந்தேகால் லட்சத்துச் சொச்சம். கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணினால்கூட ஐம்பது பேருக்கு ஒரு துரோகி!

அந்தப் பிரிவு 1870-ல் வெள்ளைக்காரன் சேர்த்தது. அதே குந்தி மண்ணில் பிறந்த பிர்சா முண்டா 1900-ல் ராஞ்சிச் சிறையில் இறந்தார், 25 வயது நிறையவில்லை. அவர் மூட்டிய கிளர்ச்சியின் விளைவாகத்தான் 1908-ல் அந்த நிலச் சட்டமே வந்தது. அதன் திருத்தத்தை 2017-ல் ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். வழக்குகள் மட்டும் அதன் பிறகும் குவிந்தன. 2019 டிசம்பரில் புதிய அரசின் முதல் அமைச்சரவைக் கூட்டம் அவற்றை வாபஸ் பெற முடிவெடுத்தது.

ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபரில் வேறொரு வழக்கில், உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தார்கள். வயது 83, பார்கின்சன் நோய். டம்ளர் பிடிக்க முடியவில்லை, உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்லவே இருபது நாள் அவகாசம் கேட்டது விசாரணை அமைப்பு.

2021 ஜூலை 5. மும்பை உயர் நீதிமன்றத்தில் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. அங்கேதான் அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் மருத்துவர், அவர் இறந்துவிட்டார் என்றார்.