கைராசியும் இரவின் வெப்பமும்

தக்காளிச் செடி தழைத்துப் பூத்தும் காய்க்காமற்போனால் நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள் பல: மண் சரியில்லை, உரம் போதவில்லை, நீர் மிகுந்துவிட்டது. இவை யாவும் சரியாக இருந்தும் பூ உதிர்ந்தால் இறுதியில் எஞ்சுவது ஒரே சொல்: கைராசி. உரத்தை மாற்றலாம், நீரைக் குறைக்கலாம். கையை மாற்ற இயலாது. ஆகவே அச்சொல் கொடியது. கணவனை இழந்த பெண்ணின் கையைக் குறித்து அது சொல்லப்படும்போது இன்னும் கொடியது.

குளித்தலையை அடுத்த சிற்றூரொன்றில் நாற்பதாண்டுகள் வாழ்ந்த அம்மையார் ஒருவர், கணவர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின், ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மகளுடன் வந்து தங்கினார். பிப்ரவரியில் வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஆறு தொட்டிகளில் தக்காளி நட்டார். ஏப்ரலில் செடிகள் கொத்துக்கொத்தாகப் பூத்தன. மே பிறந்ததும் பூக்காம்புகள் நடுக்கணுவில் மஞ்சளித்தன. காலைதோறும் பூக்கள் தரையில் கிடந்தன. தேமோர்க் கரைசல் தெளித்தார். மண்புழு உரம் இட்டார். இருவேளையும் நீர் விட்டார். பயனில்லை. “என் கை பட்டா எது வெளங்கியிருக்கு? இனிமே நீயே பாத்துக்க” என்று மகளிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஊரில் வளைகாப்புகளிலும் திருமணங்களிலும் தாமாகவே ஒதுங்கி நிற்கப் பழகியிருந்தவர், இப்போது ஆறு தொட்டிகளிடமிருந்தும் ஒதுங்கினார்.

மகள் வாதாடவில்லை. மூன்று தொட்டிகளை அம்மாவும் மூன்றைத் தானும் பார்ப்பதென்றும், ஒருவர் செடியை மற்றவர் தொடுவதில்லையென்றும் ஏற்பாடு செய்தாள். உதிர்ந்த பூக்களை நாள்தோறும் எண்ணிக் குறித்தாள். தொட்டிகளுக்கிடையே ஒரு வெப்பமானியையும் வைத்தாள். இரு வார முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் பூ உதிர்ந்திருந்தது. எந்தப் பக்கமும் காய் பிடிக்கவில்லை. இரவு வெப்பநிலை ஒரு நாளும் 27 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவில்லை.

விடை அந்த எண்ணில் இருந்தது. தக்காளி தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியை ஒட்டிய நிலங்களின் தாவரம். பகலின் கதகதப்பைப் போலவே இரவின் குளிர்ச்சியும் அதற்குத் தேவை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தித் தக்காளி வளர்த்து ஆராய்ந்த ஃபிரிட்ஸ் வென்ட், இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போதே காய் நன்கு பிடிக்கிறது என்று 1944இல் எழுதினார். வெம்மை மிகும்போது மகரந்தம் வலுவிழக்கிறது. சூல் கருவுறாத பூவைச் செடி உதிர்த்துவிடுகிறது. இச்சேதம் பூ விரிவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே மொட்டுக்குள் நேர்கிறது. ஆதலால் இன்று உதிரும் பூவுக்கு இன்று தெளிக்கும் கரைசல் உதவுவதில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் உமிழும் கான்கிரீட் தளம் நகரத்து மாடித்தோட்டத்தின் துன்பத்தை மேலும் கூட்டுகிறது.

அப்படியானால் கோடையில் செய்யத்தக்கது, காயை எதிர்பார்ப்பதன்று, செடியைக் காப்பது. நிழல்வலை, வைக்கோல் மூடாக்கு, அதிகாலை நீர் ஆகியவை போதும். புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா சதாபஹார் போன்ற, வெப்பத்திலும் காய்க்கவல்ல ரகங்களும் உண்டு. அம்மையாரின் செடிகள் அவ்வகையின அல்ல. இலைச்சுருள் நோய் கண்ட இரண்டைப் பிடுங்கி அப்புறப்படுத்தினர். ஆகஸ்டில் மற்றவற்றின் பக்கக் கிளைகளை ஒடித்துப் புதுத் தொட்டிகளில் ஊன்றினர். தக்காளித் தண்டு ஈரமண்ணில் எளிதில் வேர்விடும். நவம்பரில் இரவுகள் 20 டிகிரிக்குக் கீழிறங்கின. டிசம்பரில் பழங்கள் ஆழ்ந்த செந்நிறத்தில் பழுத்தன. கடுங்கோடையில் பழுப்பவை பெரும்பாலும் மஞ்சள் கலந்தே நின்றுவிடும். 30 டிகிரிக்கு மேல் லைக்கோபீன் என்னும் செந்நிறமி சரிவர உருவாவதில்லை.

இதனால் கைராசி என்ற எண்ணம் அவர் மனத்திலிருந்து முற்றிலும் அகன்றுவிடவில்லை. ஆறு தொட்டிகளின் சோதனை தக்காளியைப் பற்றியது, சடங்கைப் பற்றியதன்று. ஜனவரியில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்ச அழைத்தபோது அவர் மறுத்துப் பின்வரிசையிலேயே நின்றார். அச்சத்தை விதைத்தோர் பலர்; அதை ஒரு மகளின் குறிப்பேடு மட்டும் களைந்துவிட இயலாது.

ஆயினும் அதே மாதத்தில் கீழ்வீட்டுப் புதுமணப்பெண் தக்காளி நாற்றுக் கேட்டு வந்தபோது அவர் மகளைக் கூப்பிடவில்லை. நல்ல கிளையொன்றைத் தேர்ந்து ஒடித்துத் தம் கையாலேயே கொடுத்தார். மே மாதம் பூ உதிரும், அதற்குக் கலங்கவேண்டாம் என்று தமக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சொல்லியும் அனுப்பினார்.