‘செகண்ட்ஸு’க்கு ரத்தம் கொடுத்த ‘டாலர்’!

திருப்பூரில் ‘செகண்ட்ஸ்’ என்றால் என்னவென்று ஊருக்குப் புதியவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்குப் போக வேண்டிய டி-ஷர்ட்டில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கும். அல்லது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரிகிற பொட்டு ஓட்டை. வெள்ளைக்காரர் ‘ஊஹூம்’ என்று தள்ளிவிடுவார். அதையே நாம் காதர்பேட்டையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கி, தீபாவளிக்குப் போட்டுக்கொண்டு திரிவோம்.

எங்கள் பனியன் கம்பெனி நாய்க்கும் அதுதான் பெயர். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, வாலில் பாதியைக் காணோம். செக்கிங் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ஐயாவின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில்தான் ஜாகை.

2016 நவம்பர் மூன்றாவது வாரம். ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போன புதிது. சனிக்கிழமை சம்பளம் என்பது திருப்பூருக்கு வேதம். அந்த வேதமே ஆட்டம் கண்டிருந்த நேரம். நான் டெஸ்பாட்சில் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஐயா வாசலில் நின்று தயங்கினார்.

“ஏனுங் தம்பி... செகண்ட்ஸு ரெண்டு நாளா தண்ணி கூடக் குடிக்கலீங்க. மூக்குல ரத்தம் வருதுங்க.”

போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டி மேல் படுத்திருந்தது. பெட்டியில் சொட்டுச் சொட்டாக ரத்தம். என்னைப் பார்த்தால் எப்போதும் குலைக்கிற ஜென்மம், தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு கால்நடை டாக்டர். ஆட்டோவில் தூக்கிப் போனோம். அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால் செய்தது ஒன்றுதான். நாயின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. “நல்லா இருக்கிற நாய்க்கு இது ரோஸ் கலர்ல இருக்கணும். விரலால அமுக்கி எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும்” என்றார். அமுக்கிக் காட்டினார். இங்கே திரும்புவதற்கு நிறமே இல்லை! அடிவயிற்றில் குண்டூசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி.

“ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?”

வாட்ச்மேன் ஐயா மென்று விழுங்கினார். காய்ச்சலாக இருக்கிறதே என்று தனக்கு வாங்கிய மூட்டுவலி மாத்திரையில் பாதியை இட்லியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். டாக்டருக்கு வந்ததே கோபம்! மனிதர்களின் வலி மாத்திரை நாய் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்கிற கிருமி. உண்ணி கடிக்கும்போது உள்ளே போய் வெள்ளை அணுக்களில் குடித்தனம் வைத்துவிடுமாம். 1935-லேயே அல்ஜீரியாவில் கண்டுபிடித்த வியாதி. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இதனால்தான் என்றார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். செகண்ட்ஸுக்குப் பதினைந்தாயிரம்கூட இல்லை!

“டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சுடறேன். கிருமி அடங்கும். ஆனா அது வேலை செய்யற வரைக்கும் இவன் தாங்கணுமே... ரத்தம் ஏத்தணும். ராத்திரி பகல் கூட இருந்து பார்க்க ஆள் வேணும். இங்க என்கிட்ட முடியாது.” சொல்லிவிட்டு நாமக்கல்லுக்கு போன் போட்டார். அங்கே 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவர் படித்ததும் அங்கேதான். பேராசிரியரிடம் ‘சார், சார்’ என்று அவர் எண்களாக ஒப்பித்ததைக் கேட்டபோது, நம் மனுஷ டாக்டர்கள் இப்படிப் பேசிக்கொண்டால் எத்தனை ஸ்கேன் மிச்சமாகும் என்று தோன்றியது.

சரி, ரத்தத்துக்கு எங்கே போவது? மனித ரத்தம் ஆகாது. ஆட்டு ரத்தம் ஆகாது. நாய்க்கு நாய்தான். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை, தடுப்பூசி போட்ட ஆரோக்கியமான உடம்பு, ரொம்ப வயசாகியிருக்கக் கூடாது. டாக்டர் தன் நோட்டைப் புரட்டி ஒரு பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்கு நேர் எதிர் கம்பெனி முதலாளி! போன மாசம்தான் அவர் கையிலிருந்த ஆர்டர் ஒன்று எங்களுக்கு வந்திருந்தது. அவருடைய லாப்ரடார், பெயர் ‘டாலர்’, முப்பத்தாறு கிலோ.

போனை டாக்டரே போட்டார். என்ன பேசினார்களோ, விடியற்காலை நாலு மணிக்கு முதலாளியே காரில் டாலரோடு வந்து நின்றார். “உங்க மொதலாளிகிட்ட சொல்ல வேண்டாங் தம்பி” என்றார். யாருடைய முதலாளிக்கு யார் சொல்வது! எங்கள் முதலாளி கேட்டிருந்தால் ‘தெரு நாய்க்கு இத்தனையா?’ என்றிருப்பார்.

முன் சீட்டில் அவரும் டாலரும். பின் சீட்டில் நான், வாட்ச்மேன் ஐயா, மடியில் செகண்ட்ஸ், என் கையில் தூக்கிப் பிடித்த குளுக்கோஸ் பாட்டில். பழைய நோட்டு பெட்ரோல் பங்கில் செல்லும் என்பதால், சட்டைப் பையில் தூங்கிய ஐநூறுகளை எல்லாம் டீசலாக்கினேன். ஊத்துக்குளி தாண்டும்போது இருட்டு. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். அன்றைக்கு நாய் மூச்சு தவிர எதுவும் கவனத்தில் இல்லை. விஜயமங்கலம் டோல்கேட்டில் அந்த வாரம் கட்டணமே கிடையாது. சர்ரென்று போனோம். பெருந்துறை, ஈரோடு. பள்ளிபாளையம் பாலத்தில் ஏறியபோது காவிரிக்கு மேல் வானம் லேசாக வெளுத்தது. அந்த நேரத்தில் செகண்ட்ஸின் மூச்சு நின்றாற்போல் இருந்தது. வாட்ச்மேன் ஐயா மார்பில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “இருக்குதுங்க” என்றார். திருச்செங்கோட்டில் வரிசையாகப் போர்வெல் லாரிகள். அப்புறம் நாமக்கல். முட்டை லாரிகளுக்கு நடுவே நுழைந்து கல்லூரியை அடைந்தோம்.

டாலருக்கு ஒரு பிஸ்கெட். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி. மனிதர்களுக்கு வைக்கிற அதே ரத்தப் பைதான். கால் மணி நேரத்தில் பை நிரம்பியது. டாலர் எழுந்து உதறிக்கொண்டு இன்னொரு பிஸ்கெட்டுக்கு நின்றது. நாய்களுக்கும் ரத்த வகை உண்டாம், ஒரு டஜனுக்கும் மேல். ஆனால் முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் உடம்பு எதிர்க்காது, இரண்டாம் தடவைதான் ஆபத்து என்று ஒரு இளம் டாக்டரம்மா விளக்கினார். ஆனாலும் இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். முதல் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக. நடுக்கம் வருகிறதா, வாந்தி வருகிறதா என்று பக்கத்திலேயே ஆள். ஊசி நழுவாமல் செகண்ட்ஸின் முன்னங்காலைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு.

மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டரம்மா உதட்டைத் தூக்கிக் காட்டினார். இளம் ரோஸ்!

எதிர் கம்பெனி முதலாளி வராந்தாவில் நின்று யாரிடமோ போனில் ஷிப்மென்ட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். ரோஸைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வராந்தாவில் ஏது ஏசி?

ஐந்து நாள் அங்கேயே. பிறகு இருபத்தெட்டு நாள் மாத்திரை, திருப்பூர் டாக்டர் வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்து நாமக்கல்லுக்குச் சொல்வார், அங்கிருந்து மருந்தளவு வரும். உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால் குடோன் சுவரெல்லாம் சிமென்ட் பூசி மருந்தடித்தோம். செலவு ‘மெயின்டனன்ஸ்’ கணக்கில் போனது. ஆடிட்டர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இப்போதென்றால் அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லை. 2020-ல் நம் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டையில், கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

செகண்ட்ஸ் அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தது. எதிர் கம்பெனி கார் வந்தால் பாதி வாலை ஆட்டும். என்னைக் கண்டால் மட்டும் முன்னைவிடப் பலமாகக் குலைக்கும். முன்னங்காலைப் பிடித்தது நான்தானே!