பையைக் கொடுத்தார்கள், பாக்கியைப் பேசவில்லை

"கோடீஸ்வரர்கள் அறக்கட்டளை வைத்துப் பள்ளி கட்டுகிறார்கள், மருத்துவமனை கட்டுகிறார்கள். அதையும் குறை சொன்னால் எப்படி?" என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கட்டிய பள்ளியை இடிக்கச் சொல்லவில்லை நாங்கள். பணம் எங்கிருந்து வந்தது, அதை எங்கே செலவிடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், நாளை நிறுத்திவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இவ்வளவுதான் எங்கள் கேள்வி.

இருப்பதிலேயே நல்ல உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலியஸ் ரோசன்வால்ட், அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து 1912-ல் தொடங்கிய முயற்சியால், தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அறக்கட்டளைச் சொத்தைக் காலாகாலத்துக்கும் பூட்டிவைக்கக் கூடாது, செலவழித்து முடிக்க வேண்டும் என்றவர் அவர். நல்ல மனசுதான், மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தக் கட்டடங்களுக்கு ரோசன்வால்ட் தரப்பு கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம் டாலர். பள்ளிக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்து விற்றுக்கூடப் பணம் சேர்த்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். அந்த வரியை, வெள்ளையர் கையிலிருந்த கல்வி நிர்வாகம் வெள்ளைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டது. அதனால்தான் இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டி வந்தது. பள்ளிகளுக்கு நிலைத்த பெயரோ 'ரோசன்வால்ட் பள்ளிகள்'. தனிப் பள்ளி என்ற ஏற்பாடே செல்லாது என்று 1954-ல் சொல்லவைத்தது கொடை அல்ல; கறுப்பின மக்கள் நடத்திய வழக்கு.

நம் ஊருக்கு வருவோம். நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் அறக்கட்டளை வந்தது. பிள்ளைகளுக்குப் பை கொடுத்தார்கள். பேனரைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். வகுப்பெடுக்க வரும் கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எங்களுக்கு ஸ்காலர்ஷிப் ரெண்டு வருசமா வரல. அதைப் பத்தி நீங்க எழுதுவீங்களா?" வந்தவர் சிரித்துக்கொண்டே, "நாங்க அரசியல் பேசுறதில்லைம்மா" என்றார். மறு வருடம் அவர்கள் வரவில்லை. ஏன் என்று கேட்க எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தப் பணமும் கருணையில் வந்ததல்ல. பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம்.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர். 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் நியூயார்க் போனார். படித்து முடித்துப் பத்தாண்டு பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1917-ல் வேலைக்குப் போனவருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து வெளியேற்றினார்கள். கடல் கடக்க உதவிய மன்னரின் பணத்தால் ஒரு அறையை உறுதி செய்ய முடியவில்லை. பின்னர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, நம் பிள்ளைகளுக்காக அவர் இன்னொரு மன்னரைத் தேடவில்லை. அரசின் கஜானாவிடம் கேட்டார். 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்தது. இன்று அது தாமதமானால் மனு போடலாம், கலெக்டர் அலுவலகத்தின் முன் உட்காரலாம், வழக்குத் தொடுக்கலாம். நின்றுபோன பைக்காக எங்கே உட்காருவது?

கொடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். உங்கள் ஆலையில் துப்புரவு வேலை பார்க்கும் எங்கள் ஆட்களுக்கு முழுக் கூலி கொடுங்கள். வரியை ஒழுங்காகக் கட்டுங்கள். உதவித்தொகை பாக்கிக்காக எங்களோடு வந்து வெயிலில் நில்லுங்கள். அதற்குப் பிறகு பையும் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். பேனரை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.