குலவை எழுந்த நொடி

கீழ்வேளூரில் திருமணம் என்றாலும் திருவிழா என்றாலும் முதலில் வந்து சேர்வது கூம்பு ஒலிபெருக்கிதான். என் தாய்மாமன் அதற்கான கடை வைத்திருந்தார். விடுமுறை நாள்களில் கம்பிச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு அவர் பின்னே செல்வது என் வேலை. தெருவின் இரு முனைகளிலும் கூம்புகளைக் கட்டினால், ஒரு முனையில் நிற்பவருக்கு ஒரே பாட்டு இருமுறை கேட்கும். மாமா தெருவில் மேலும் கீழுமாக நடந்து பார்ப்பார். பிறகு இரண்டு கூம்புகளையும் அவிழ்த்து, தெரு நடுவே ஒரே கம்பத்தில் முதுகோடு முதுகாகக் கட்டிவிடுவார். குழப்பம் தீர்ந்துவிடும். காரணம் கேட்டால், "அங்கேருந்து பாட்டு நடந்துல்ல வரணும்!" என்பார்.

அந்த நடையின் வேகத்தை நான் பின்னாளில் சென்னையில் கற்றேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 170 மீட்டர் நீளமுள்ள தெருவின் மறுமுனையிலிருந்து பாட்டு வந்துசேர அரை நொடியாகும். பலகையில் இந்தக் கணக்கைப் பார்த்தபோது, பள்ளிக்கல்வியை முடிக்காத என் மாமா ஓர் இயற்பியலாளர் என்று எனக்குத் தோன்றியது.

நான் சேர்ந்தது மூன்று மாத ஒலிப்பதிவுப் பயிற்சி. சென்னைத் தரமணியில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் புனேயில் உள்ள திரைப்பட நிறுவனத்திலும் இக்கலையை ஆண்டுக்கணக்கில் கற்பிக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் விருது பெற்ற ரசூல் பூக்குட்டி புனேயில் பயின்றவர். எங்கள் வீட்டு நிலைக்கு மூன்று மாதமே பெரிது. குறுகிய காலப் பயிற்சியை இகழ்பவர்கள் உண்டு, நான் இகழமாட்டேன். எந்த ஒலிவாங்கியை எங்கே வைப்பது, எந்த வடத்தை எதில் செருகுவது என்பவற்றைக் கைகள் கற்றுக்கொள்ள அந்தக் காலம் போதும். செவிதான் மெதுவாகக் கற்கிறது.

முதல் நாள் ஆசிரியர் எந்தக் கருவியையும் தொடவிடவில்லை. கண்களை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்கச் சொன்னார். கேட்டவற்றை எழுதச் சொன்னார். எல்லோரும் மின்விசிறி என்று எழுதினார்கள். நான் மட்டும் மின்விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று எழுதினேன். மாமா கடையில் கற்ற கல்வி அது. அதன்பின் சில நாள்கள் நான் சற்று நிமிர்ந்தே நடந்தேன்.

இன்னொரு நாள் பழைய இசைத்தட்டு ஒன்றின் பதிவைப் போட்டுக் காட்டினார். எங்கள் மாவட்டத்துத் திருமருகலில் 1898இல் பிறந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம். அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிய முடியும். மணிக்கணக்கில் வாசித்தவர் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. தட்டின் இரைச்சலைக் கணினியில் நீக்கச் சொன்னார் ஆசிரியர். நீக்கினோம். இரைச்சலோடு சீவாளியின் உரசலும் போயிற்று; நாகசுரம் வேறேதோ கருவிபோல் ஒலித்தது. "எவ்வளவு நீக்குவது என்பதை மென்பொருள் சொல்லாது" என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பியபோது சம்பா நடவுக்காலம். நண்பன் ஒருவனிடம் கையடக்கப் பதிவுக்கருவியை இரவல் வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். பதினைந்து பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பாட்டு எடுக்கும் அப்பாயி மெல்லிய குரலில் தொடங்கினார். அந்தக் குரலுக்கு ஏற்றபடி ஒலியளவை உயர்த்தி வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை. சேற்றில் குனிந்து நிற்பவர்கள் முன்னால், காதில் அதை மாட்டிக்கொண்டு வரப்பில் நிற்க வெட்கமாக இருந்தது. பாட்டு ஏறியது, பதினைந்து பேரும் சேர்ந்து குலவையிட்டார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

இரவில் கேட்டபோதுதான் தெரிந்தது. குலவை எழுந்த நொடியெல்லாம் வெறும் கரகரப்பு.

இதைச் சற்று விளக்க வேண்டும். மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மிக உயர்ந்த ஒலியையும் தவறவிடாமல் இருக்க, அதன் இருமடங்குக்கும் மேலாக, நொடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து எண்களாக்குகிறது கருவி. 16 பிட் பதிவில் அந்த எண் 32,767ஐத் தாண்ட இயலாது. அதைவிட உயரமாக எழும் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். மாமாவின் கூம்பு கரகரத்தால் குமிழைத் திருகிக் குறைத்துவிடலாம். பதிவில் வெட்டுப்பட்ட உச்சியோ எங்குமே இல்லை. அதைத் தேடியெடுக்க வழியும் இல்லை.

மறு ஆண்டு சரியாகப் பதிய வேண்டும் என்று காத்திருந்தேன். மறு ஆண்டு அந்த வயலில் நடவு இயந்திரம் இறங்கியது. இரண்டு ஆட்களோடு ஒரே நாளில் வேலை முடிந்தது. பெண்கள் வெவ்வேறு வேலைகளுக்குப் பிரிந்து போயிருந்தார்கள். அப்பாயி மட்டும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து முழுப் பாட்டையும் பாடிக் கொடுத்தார். இம்முறை ஹெட்போன் அணிந்திருந்தேன். ஒலியளவு எல்லை தாண்டவில்லை. காற்றின் இரைச்சலும் இல்லை. என் ஆசிரியர் குறைசொல்ல முடியாத பதிவு.

அப்பாயியிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். திண்ணைப் பாட்டை மரியாதைக்குக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். வயல் பாட்டு தொடங்கியதும் ஹெட்போனை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டார். கரகரப்புக்கு இடையே ஒவ்வொரு குரலாக இனங்கண்டு பெயர் சொன்னார். ஒரு பெயரைச் சொல்லும்போது நிறுத்தினார். அந்தப் பெண் தையில் இறந்துபோயிருந்தார். "தம்பி, அவ இதுக்குள்ளதான் இருக்கா. இன்னொரு தடவ போடு" என்றார்.

மறுநாள் காலை அவர் தம்மோடு இருவரை அழைத்து வந்தார். ஒரு ஹெட்போனை மூவருக்கு எப்படிக் கொடுப்பது என்று நான் விழித்தபோது, மாமா கடையிலிருந்து சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். குலவை எழுந்த இடத்தில் அவர் கை பழக்கத்தால் குமிழைத் திருகிக் குறைத்தது. கரகரப்பு போகவில்லை. "ஏன் கொறைக்கிற? கூட்டி வை" என்றார் அப்பாயி.